சைக்கிள் நெடும்பயணத்தில் தண்ணீர் ஃபில்டர்: கையோடு கொண்டுபோக வேண்டுமா?

நெடுவழி

வணக்கம் நண்பர்களே. சில வாரங்கள் நீளும் ஒரு சைக்கிள் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். வழியில் முதல் பாதி சமவெளி, ஊர்கள் அடுத்தடுத்து வரும், அங்கே தண்ணீருக்குக் கவலை இல்லை. இரண்டாம் பாதி மலை. ஏற்றம் தொடங்கிவிட்டால் கடை, வீடு எதுவும் இல்லாமல் பகல் முழுக்க ஓட்டவேண்டிய இடங்கள் இருக்கின்றன, ஆனால் வரைபடத்தில் ஓடைகள் நிறையத் தெரிகின்றன. இரவில் கூடாரம்தான்.

வண்டியில் மூன்று பாட்டில் மாட்ட இடம் இருக்கிறது. கூடுதலாக மடக்கு பை ஒன்று வாங்கிக்கொள்ளலாம். என் கேள்வி இதுதான்: கையடக்க ஃபில்டர் ஒன்று எடுத்துக்கொண்டு போகவேண்டுமா, இல்லை குளோரின் மாத்திரை போதுமா, இல்லை இரண்டுமே வேண்டாம், பாட்டிலை நிறைத்துக்கொண்டு போனால் முடிந்ததா? என்னோடு வரும் இருவரில் ஒருவர் ஃபில்டர் இல்லாமல் கிளம்பவே கூடாது என்கிறார், மற்றவர் வீண் சுமை என்கிறார். உண்மையில் பயன்படுத்தியவர்கள் சொன்னால் நல்லது.

மிதிவண்டிக்காரன்

வேண்டாம் என்பதுதான் என் பதில். நாம் ஓட்டுவது சாலையில். மலையேறுபவர்கள் ஃபில்டர் கொண்டுபோகிறார்கள் என்றால் அவர்கள் நாள் முழுக்க நடந்தாலும் ஒரு வீட்டைக்கூடப் பார்க்க மாட்டார்கள், அவர்களுக்கு வேறு வழி இல்லை. சாலை இருக்கும் இடத்தில் பெரும்பாலும் மனிதர்கள் இருப்பார்கள், மனிதர்கள் இருக்கும் இடத்தில் அவர்கள் குடிக்கும் தண்ணீர் இருக்கும். பெட்ரோல் நிலையம், பள்ளி, வழிபாட்டு இடம், இறந்தவர்களைப் புதைக்கும் இடத்தில்கூடக் குழாய் இருக்கும். நான் இத்தனை வருடமாக ஓட்டுகிறேன், வீட்டு வாசலில் நின்று காலி பாட்டிலைக் காட்டினால் யாரும் இல்லை என்று சொன்னதில்லை. இரண்டு பாட்டில் அதிகமாக மாட்டிக்கொள்ளுங்கள், அது உடையாது, அடைத்துக்கொள்ளாது, உறையாது.

ஓடைக்கரை

நெடுவழி, உங்கள் வழியின் இரண்டாம் பாதிக்குக் கட்டாயம் எடுத்துப் போங்கள். எடையைப் பாருங்கள். பையில் நீரை மொண்டு பிழிந்து வடிகட்டும் ரகங்களான சாயர் ஸ்க்வீஸ், கேட்டடைன் பீஃப்ரீ இரண்டிலுமே ஃபில்டர் மட்டும் 100 கிராமுக்குள் அடங்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வெயிலில் ஏற்றம் ஏறும்போது மணிக்கு அரை லிட்டரில் இருந்து ஒரு லிட்டர் வரை உள்ளே போகும், ஒரு பகலுக்குக் கணக்குப் போட்டால் நான்கைந்து லிட்டர். ஓடை ஓடையாக வரும் சாலையில் அத்தனையையும் அடிவாரத்தில் இருந்தே தூக்கிக்கொண்டு ஏறுவது எதற்கு? ஒரு லிட்டரோடு கிளம்பி, வழியில் நிறைத்துக்கொண்டே போகலாம்.

மிதிவண்டிக்காரன்

எடைக் கணக்கை முழுதாகப் போடுவோம். மூன்று கிலோ கூடுதலாக வைத்துக்கொண்டு 1000 மீட்டர் ஏறினால், அந்த மூன்று கிலோவை மேலே கொண்டுபோகத் தேவையான வேலை சுமார் 29,400 ஜூல். 150 வாட் சக்தியில் மிதிக்கும் ஒருவருக்கு அது 196 வினாடி. அதாவது ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கூடுதலாக ஆகும். ஓடையில் இறங்கி, பையில் மொண்டு, பிழிந்து, திரும்ப வண்டிக்கு வருவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும். எடையை வைத்து ஃபில்டருக்கு வாதாடுவது நிற்காது.

ஓடைக்கரை

கணக்கு சரி. ஓட்டும் நேரத்துக்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்வதுபோலச் சமாளித்துவிடலாம். ஆனால் சாயங்காலத்தை விட்டுவிட்டீர்கள். கூடாரம் போடுபவருக்கு இரவு சமையல், பாத்திரம், குடிக்க, காலையில் மறுபடியும் சமையல், கிளம்பும்போது நிறைத்த பாட்டில் என்று ஓட்டிய பிறகுதான் நான்கைந்து லிட்டர் தேவைப்படுகிறது. அதைக் காலையில் இருந்தே யாரும் சுமந்துகொண்டு வர மாட்டார்கள். அதனால் என்ன செய்கிறோம், கடைசி ஊரில் குழாய் இருக்கிறது என்று அங்கேயே ஒதுங்கிவிடுகிறோம், அல்லது இருட்டும் நேரத்தில் அடுத்த ஊரைத் தேடி விரட்டிக்கொண்டு போகிறோம். ஃபில்டர் இருந்தால் ஓடை இருக்கும் எந்த வளைவிலும் நிறுத்திவிடலாம். எடைக்காக நான் இதை எடுத்துப் போவதில்லை, எங்கே தங்குவது என்பதை நானே முடிவு செய்வதற்காகத்தான்.

செம்மண்தடம்

ஓடைக்கரை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மிதிவண்டிக்காரன் ஐயா, வீட்டு வாசலில் நின்று கேட்டால் தருவார்கள் என்பது உண்மை, நானும் வாங்கிக் குடித்திருக்கிறேன், நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். ஆனால் தனியாக ஓட்டும் பெண் ஒருத்திக்கு ஒவ்வொரு முறை நிற்பதும் ஒரு முடிவு. எங்கிருந்து வருகிறாய், கூட யார் இருக்கிறார்கள், இன்று இரவு எங்கே தங்குவாய் என்ற கேள்விகள் தண்ணீரோடு சேர்ந்தே வரும். கேட்பவர்களில் பெரும்பாலோர் அக்கறையில்தான் கேட்கிறார்கள். இருந்தாலும் பொழுது சாயும் நேரத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருக்க எனக்கு விருப்பமில்லை. தண்ணீர் கையில் இருந்தால் எங்கே நிற்பது, எங்கே நிற்காமல் போவது என்பது என் கையில் இருக்கிறது. அதற்காக 100 கிராம் என்ன, அரைக் கிலோ என்றாலும் தூக்குவேன்.

மிதிவண்டிக்காரன்

இது நான் யோசிக்காத கோணம், தங்கச்சி. சரி.

நுண்ணோக்கி

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, விடுமுறையில் சைக்கிள். ஃபில்டர் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன்னால் அது எதை நிறுத்துகிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம், இந்த இழையில் இன்னும் யாரும் அதைத் தொடவில்லை.

தண்ணீரில் நம்மைப் படுக்கவைக்கும் உயிரிகள் மூன்று வகை. முதல் வகை ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகள். ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் இரண்டும் முக்கியமானவை. விலங்கு, மனிதக் கழிவில் இருந்து தண்ணீருக்கு வருகின்றன, கெட்டியான கூட்டுக்குள் அடைந்துகொண்டு குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஜியார்டியாவின் கூடு 8 முதல் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கிரிப்டோ 4 முதல் 6 மைக்ரான். இரண்டாவது வகை பாக்டீரியா, ஈ.கோலி, கேம்பிலோபேக்டர், சால்மொனெல்லா, காலரா எல்லாம் இதில் அடக்கம், பொதுவாக அரை மைக்ரானில் இருந்து சில மைக்ரான் வரை நீளம். மூன்றாவது வைரஸ்கள். நோரோ, ஹெபடைடிஸ் ஏ போன்றவை சுமார் 0.03 மைக்ரான், ரோட்டா 0.07 அளவில்.

நீங்கள் வாங்கும் பிழியும் ஃபில்டர், உறிஞ்சும் குழல் எல்லாம் உள்ளே நூல் நூலாக நுண்குழல்கள் கட்டாக அடைத்தவை. அந்தக் குழல்களின் சுவரில் இருக்கும் துளை 0.1 அல்லது 0.2 மைக்ரான். மேலே சொன்ன அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒட்டுண்ணி நிற்கும், பாக்டீரியா நிற்கும், வைரஸ் அப்படியே வெளியே வந்துவிடும். பெட்டியில் 99.9999 சதவீதம் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள், அது பாக்டீரியாவுக்கு. கீழே சின்ன எழுத்தில் வைரஸ் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

மிதிவண்டிக்காரன்

அப்படியென்றால் என் கட்சிக்குத்தான் பலம் சேர்கிறது. மனித வைரஸ் மனிதக் கழிவில் இருந்து வருகிறது. மனிதர் இல்லாத உச்சியில் வைரஸ் குறைவு, ஃபில்டர் அங்கே வேலை செய்யும். நாம் பெரும்பாலும் ஓட்டுவதோ ஊருக்குக் கீழே, வயலுக்கு நடுவே. அங்கே ஓடையில் ஊர்ச் சாக்கடை கலந்திருக்கும், வைரஸ் இருக்கும், அதை ஃபில்டர் பிடிக்காது. சைக்கிள்காரனுக்கு எங்கே தேவையோ அங்கே பயன்படாது என்றுதானே ஆகிறது?

நுண்ணோக்கி

நல்ல கேள்வி. பாதி சரி. ஊருக்குக் கீழே ஓடும் தண்ணீரை வெறும் ஃபில்டரை நம்பிக் குடிக்கக் கூடாது. அதற்குத்தான் மாத்திரை. வேடிக்கை என்னவென்றால் மாத்திரையும் ஃபில்டரும் ஒன்றன் ஓட்டையை மற்றது அடைக்கிறது. குளோரின் வைரஸையும் பாக்டீரியாவையும் நன்றாகக் கொல்லும், ஜியார்டியாவை நேரம் கொடுத்தால் கொல்லும், கிரிப்டோவை மட்டும் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குழாய்த் தண்ணீரில் கிரிப்டோ புகுந்து சுமார் நான்கு லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. குளோரின் கலந்து வீடுகளுக்கு விநியோகித்த நகராட்சித் தண்ணீர் அது. அங்கே கோட்டைவிட்டது வடிகட்டும் கட்டத்தில்.

ஆகவே கிரிப்டோவை ஃபில்டர் பார்த்துக்கொள்ளும், வைரஸை மாத்திரை பார்த்துக்கொள்ளும். சந்தேகமான தண்ணீருக்கு முதலில் வடிகட்டி, அந்தத் தெளிந்த நீரில் மாத்திரை போட்டு அரை மணி நேரம் விடுங்கள். வரிசையை மாற்றாதீர்கள், கலங்கல் நீரில் குளோரின் போட்டால் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. நீர் சில்லென்று இருந்தால் அரை மணி என்பதை ஒரு மணி ஆக்குங்கள். குளோரின் டையாக்சைடு மாத்திரை தனி ரகம், அது கிரிப்டோவையும் கொல்லும், ஆனால் அதற்கு நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும், இரவில் போட்டுவைத்து காலையில் குடிப்பவர்களுக்குச் சரி.

தூரதேசி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் எத்தனையோ வருடமாக மலை ஓடையில் அப்படியே கையால் அள்ளிக் குடிக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. இதெல்லாம் பயமுறுத்தல் இல்லையா?

நுண்ணோக்கி

உங்களுக்கு ஆகாமல் இருந்திருக்கலாம், மகிழ்ச்சி. ஆனால் ஆகவில்லை என்று எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். ஜியார்டியா உள்ளே போனால் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் அறிகுறி வரும். அதற்குள் பயணமே முடிந்து வீட்டில் இருப்பீர்கள், வயிறு உப்புசமாக இருக்கிறது, நேற்று சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். ஓடை நினைவுக்கே வராது. கேம்பிலோபேக்டர் இரண்டு முதல் ஐந்து நாள் எடுக்கும். நோரோதான் ஒன்றிரண்டு நாளில் காட்டிவிடும். ஜியார்டியாவுக்குப் பத்துக் கூடு உள்ளே போனாலே போதும், அது ஒரு வாய்த் தண்ணீரில் இருக்கலாம், அடுத்த வாயில் இல்லாமலும் இருக்கலாம். மேலே ஒரு வளைவு தாண்டி ஒரு மாடு ஓடையில் நிற்கிறதா, செத்த ஆடு கிடக்கிறதா என்று கீழே குனிந்து அள்ளுபவருக்குத் தெரியாது.

சைக்கிளில் போகும்போது வயிற்றுப்போக்கு வந்தால் அது வீட்டில் வருவதுபோல அல்ல. நீரும் உப்பும் ஏற்கெனவே வியர்வையில் போய்க்கொண்டிருக்கும் உடம்பு. அடுத்த மருத்துவமனை ஒரு மலைக்கு அந்தப் பக்கம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

செம்மண்தடம்

கொதிக்கவைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. வைரஸ், பாக்டீரியா, ஒட்டுண்ணி மூன்றையும் ஒரே அடியில் முடிப்பது அதுதானே. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும், 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். இருபது நிமிடம் கொதிக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அத்தனை நேரம் தேவையில்லை. பிரச்சினை எரிபொருள். ஒரு லிட்டர் கொதிக்க ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் காஸ் செலவாகும், காற்றடித்தால் இன்னும் கூட. சமைக்கும் தண்ணீரை எப்படியும் கொதிக்க வைக்கிறோம், அதை வடிகட்ட வேண்டியதே இல்லை, ஓடையில் மொண்டு அப்படியே பாத்திரத்தில் ஊற்றலாம். குடிக்கும் தண்ணீருக்கு மட்டும் ஃபில்டர். இப்படிப் பிரித்துக்கொண்டால் பிழியும் வேலையும் பாதியாகிவிடும், காஸும் மிச்சம்.

ஓடைக்கரை

செம்மண்தடம் சொன்ன இந்தப் பிரிவினை ரொம்ப நல்லது. நான் பயன்படுத்தும் விதத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், வாங்குபவர்களுக்கு உதவும்.

முதலில் அழுக்குப் பை, சுத்தப் பாட்டில் என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள், எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். அழுக்குப் பையின் வாயில் ஒரு சிவப்புத் துணியோ நாடாவோ கட்டிவிட்டால் இருட்டிலும் களைப்பிலும் குழம்பாது. மொள்ளும்போது பையின் வெளிப்பக்கமும் நனைகிறது, அந்தச் சொட்டு ஃபில்டரின் ஓரமாக வழிந்து சுத்தப் பாட்டிலின் வாயில் விழுவதைக் கவனித்துப் பாருங்கள். பிழிவதற்கு முன் மேலே ஒரு முறை துடைத்துவிட வேண்டும். வடிகட்டிய பிறகும் வயிறு கெட்டது என்று சொல்பவர்கள் பலருக்கு இந்தச் சொட்டுதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

வேகமாக ஓடும் நடு ஓடையைவிட, சற்று அமைதியாகத் தேங்கி மறுபடி ஓடும் இடத்தில் மேல்மட்டத்தில் மொள்ளுங்கள், மணல் அடியில் படிந்திருக்கும். மழை பெய்து காப்பி நிறத்தில் ஓடினால் அப்படியே வடிகட்டாதீர்கள், ஒரு மணி நேரத்தில் ஃபில்டர் அடைத்துவிடும். பாத்திரத்தில் மொண்டு வைத்துத் தெளியவிட்டு, மேலே இருப்பதை மட்டும் துணி வழியாகப் பைக்கு ஊற்றுங்கள். துளிப் படிகாரம் இருந்தால் இன்னும் சீக்கிரம் தெளியும்.

தினமும் சாயங்காலம் சுத்த நீரை எதிர்ப்பக்கமாக அழுத்திச் செலுத்த வேண்டும். பிழியும் ரகத்துக்கு அதற்கென்று ஒரு ஊசிக்குழல் தருவார்கள், அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, பத்து நாளில் சொட்டுச் சொட்டாக வரும்போது என்ன செய்வார்கள்? பீஃப்ரீ போன்ற ரகம் தண்ணீரில் அலசிக் குலுக்கினால் போதும். சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீர் ஓடும் பகுதியில் என்ன அலசினாலும் வேகம் குறையும், வீட்டுக்கு வந்ததும் வினிகரில் ஊறவைத்தால் பெரும்பாலும் திரும்ப வரும்.

அப்புறம் உறைபனி. இது மிக முக்கியம். ஒருமுறை நனைந்த நுண்குழல் ஃபில்டர் உறைந்தால், உள்ளே தங்கிய நீர் விரிந்து குழல்கள் கீறும். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீர் முன்பைவிட நன்றாகக்கூட வரும். அதனால்தான் ஆபத்து. இரவு பூஜ்ஜியத்தை நெருங்கும் என்று தோன்றினால் தண்ணீரை உதறிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தூங்கும் பைக்குள் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். உறைந்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே அதை ஓரங்கட்டிவிட்டு மாத்திரைக்கு மாறுங்கள். விமானத்தில் சைக்கிளை அனுப்பும்போதும் ஃபில்டரைக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கும்போது மரையைப் பாருங்கள். சாயர் ரகத்தின் மரை கடையில் கிடைக்கும் சாதாரணத் தண்ணீர் பாட்டில்கள் பலவற்றில் பொருந்தும், கூட வந்த பை கிழிந்தாலும் எங்கேயாவது ஒரு பாட்டிலைப் பொறுக்கிச் சமாளிக்கலாம். அகன்ற வாய் ரகம் மொள்ளுவதற்குச் சுலபம், வேகமும் அதிகம், ஆனால் பை கிழிந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம். எனக்கு ஒரு பை முழங்கால் அழுத்தத்தில் மடிப்பில் பிரிந்திருக்கிறது, அவசரமாக முறுக்கிப் பிழிந்தால் எந்தப் பையும் அப்படித்தான் போகும்.

தூரதேசி

புற ஊதா விளக்கு ஒன்று பார்த்தேன், ஒரு லிட்டருக்கு ஒன்றரை நிமிடம்தானாம், வைரஸும் சாகுமாம். டைனமோவில் சார்ஜ் செய்யலாம் என்று தோன்றியது. அதேபோல அழுத்திக் குடிக்கும் பாட்டில் ரகமும் வைரஸை எடுக்கும் என்கிறார்கள். அது எப்படி?

நுண்ணோக்கி

புற ஊதா உண்மையிலேயே மூன்று வகைக்கும் வேலை செய்யும், தெளிந்த நீரில். கலங்கல் இருந்தால் துகளின் நிழலில் கிருமி தப்பிவிடும். அகன்ற வாய்ப் பாத்திரம் வேண்டும், விளக்கை விட்டுக் கலக்க வேண்டும், பாட்டில் கழுத்து மரையில் ஒட்டியிருக்கும் சொட்டில் ஒளி படாது. பேட்டரி தீர்ந்தால் கையில் இருப்பது ஒரு குச்சி. ஊர் ஊராகப் போய்க் குழாய் நீரை மட்டும் சந்தேகப்படுபவருக்கு நல்ல பொருள்.

அழுத்தும் பாட்டிலில் கிரேயில் ஜியோபிரஸ் தெரிந்த பெயர். அது துளையை மட்டும் நம்பவில்லை, வைரஸைப் பிடித்து ஒட்டவைக்கும் ஊடகமும் கரியும் சேர்ந்தது, அதனால் சுவையும் மேம்படும். 710 மி.லி. கொள்ளும், 450 கிராம் எடை, உள்ளே இருக்கும் குப்பி சில நூறு லிட்டரில் தீர்ந்துவிடும். சாதாரண பாட்டில் கூண்டில் நுழையாது, அகலமான கூண்டு தேவை. எம்எஸ்ஆர் கார்டியன் 0.02 மைக்ரான் பம்பு, கலங்கல் நீருக்கும் தாங்கும், அதுவும் அரைக் கிலோ. கூட்டமாகப் போகிறவர்கள் ஒன்று வைத்துக்கொள்ளலாம். தனி ஆளுக்கு 100 கிராம் ஃபில்டரும் ஒரு அட்டை மாத்திரையும் அதே வேலையைச் செய்யும் என்பது என் கருத்து.

சக்கரவாகம்

இழையை முழுக்கப் படித்தேன், ஓடை ஓடை என்று பேசுகிறோம், ஆனால் சைக்கிளுக்கே உரிய ஆபத்து பாட்டில் வாயில் இருக்கிறது. முன்சக்கரம் தெறிக்கும் எல்லாமும் வண்டிச் சட்டத்தின் கீழ்க்குழாயில் மாட்டிய பாட்டிலின் மேல்தான் வந்து விழுகிறது. ஈரச் சாலையில், அதுவும் கால்நடை போகும் சாலையில் அரை மணி ஓட்டிவிட்டு அந்தப் பாட்டில் வாயைப் பாருங்கள், பச்சையும் பழுப்புமாக ஒரு பூச்சு இருக்கும். அதைத்தான் உதட்டில் வைத்து உறிஞ்சுகிறோம். உள்ளே இருக்கும் தண்ணீர் எத்தனை மைக்ரானில் வடிகட்டியதாக இருந்தால் என்ன?

இது என் கற்பனை இல்லை. 2008இல் வேல்ஸ் நாட்டில் பில்த் வெல்ஸ் என்ற இடத்தில் நடந்த மலைச் சைக்கிள் நிகழ்வுக்குப் பிறகு நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வயிறு கெட்டது. கேம்பிலோபேக்டர். மழைச்சேற்றில் ஆட்டுச்சாணம் கலந்து முகத்தில் தெறித்து, அது வாய்க்குள் போனதுதான் காரணம் என்று ஆய்வில் முடிவுக்கு வந்தார்கள். குடித்த தண்ணீரில் கோளாறு இல்லை.

ஆகவே மூடி உள்ள பாட்டில் வாங்குங்கள், அல்லது மட்கார்ட் போடுங்கள், முன்சக்கரத்துக்குக் கண்டிப்பாக. குடிக்கும் முன் வாயைத் துடைத்து, முதல் பீய்ச்சலைத் தரையில் விடுங்கள். கை விஷயமும் இதேதான். சங்கிலியைத் தொட்ட கையில் ஆல்கஹால் ஜெல் தடவினால் ஆச்சு என்று நினைக்கிறோம், நோரோவுக்கும் கிரிப்டோவுக்கும் ஜெல் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். ஒரு சின்ன சோப்புத் துண்டு எடுத்துப்போவதை ஃபில்டருக்கு முன்னால் வைப்பேன்.

செம்மண்தடம்

சக்கரவாகம் சொன்னதை இரண்டு முறை படித்தேன். மாட்டுச்சாணத் தெறிப்பு தினமும் பார்ப்பதுதான், இப்படி யோசித்ததில்லை. பாட்டிலைக் கீழ்க்குழாயில் இருந்து ஹேண்டில்பார் பைக்கு மாற்றப் போகிறேன்.

மாத்திரை பற்றி இன்னொன்று. நம்மில் பலர் பாட்டிலில் எலக்ட்ரோலைட் தூளைக் கலந்துகொண்டுதான் ஓட்டுகிறோம். அந்தத் தூள் இருக்கும் பாட்டிலிலேயே குளோரின் மாத்திரையைப் போடலாமா?

நுண்ணோக்கி

போடக் கூடாது. பல தூள்களில் வைட்டமின் சி இருக்கும், அது குளோரினை நொடியில் அழித்துவிடும். சர்க்கரையும் நிறமூட்டியும் மிச்சத்தைத் தின்னும். முதலில் வெறும் நீரில் மாத்திரை, அரை மணி நேரம் பொறுத்து அப்புறம் தூள். அப்போது அதே வைட்டமின் சி குளோரின் வாடையையும் போக்கிவிடும். ஃபில்டர் வழியாகவும் தூள் கலந்த நீரை விடாதீர்கள், உள்ளே பிசுபிசுத்துப் பூஞ்சை பிடிக்கும்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிதிவண்டிக்காரன் வயல்வெளி பற்றிச் சொன்னது மனதில் இருக்கிறது. இந்த நுண்குழல் ஃபில்டர், மாத்திரை, கொதி, புற ஊதா எதுவுமே கரைந்த பொருளை எடுக்காது. உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக், தொழிற்சாலைக் கழிவு எல்லாம் அப்படியே இருக்கும். கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி இன்னும் அடர்த்தியாகும். கரி சேர்ந்த ஃபில்டர் பூச்சிமருந்து போன்ற சிலவற்றைக் குறைக்கும், அவ்வளவுதான். வயல் வாய்க்கால், சுரங்கத்துக்குக் கீழே ஓடும் நீர், ஆலைக்குப் பக்கத்து ஓடை, இவற்றை எதைக் கொண்டும் குடிநீராக்க முயலாதீர்கள்.

பச்சைப் பெயிண்ட் ஊற்றியதுபோல ஏரியின் மேல் படலம் இருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கொதித்தாலும் போகாது. பாசியைக் கொன்று அதற்குள் இருக்கும் நஞ்சை நீரில் விட்டுவிடும் என்பதால் கொதிக்கவைப்பது நிலைமையை மோசமாக்கவும் செய்யும். அங்கே தாகமாக இருந்தாலும் மிதித்துக்கொண்டு போய்விடுங்கள்.

மிதிவண்டிக்காரன்

சமவெளிக்கு என் பழைய நிலையில்தான் இருக்கிறேன், இப்போது நுண்ணோக்கியின் பேச்சே அதற்குச் சாட்சி. வயல் நடுவே ஓடும் எந்த நீரையும் ஃபில்டரை நம்பிக் குடிக்கக் கூடாது என்றால், அங்கே ஊர்க் குழாயும் கூடுதல் பாட்டிலும்தான் வழி. ஊர்க் குழாயில் சந்தேகம் வந்தால் மாத்திரை. ஒரு அட்டை மாத்திரை டியூப் ஒட்டும் பெட்டிக்குள்ளேயே அடங்கும், அதை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, இனி வைத்துக்கொள்கிறேன். ஃபில்டர் மலைக்கும் காட்டுக்கும், கூடாரக்காரர்களுக்கும். இரண்டு நாள், மூன்று நாள் ஊர்வழிப் பயணத்துக்கு எல்லோரும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் மறுபடி வாதாட வருவேன்.

ஓடைக்கரை

அதில் எனக்கும் சண்டை இல்லை. ஒன்று மட்டும்: வரைபடத்தில் ஓடை நீலக்கோடாக இருக்கிறது என்பதற்காக அங்கே நீர் இருக்கும் என்று நம்பாதீர்கள். கோடைக் கடைசியில் பாதிக் கோடுகள் வெறும் கல்லாகக் கிடக்கும். ஃபில்டர் இருந்தாலும் அடுத்த நீருக்கு முன்னால் ஒரு பாட்டில் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் கரையோரப் பச்சையைப் பார்த்துக்கொள்வது ஓரளவு உதவும்.

நெடுவழி

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. என் முடிவு: மூவருக்கும் சேர்த்துப் பிழியும் ஃபில்டர் இரண்டு, ஒன்று கெட்டால் மற்றது. ஆளுக்கு ஒரு அட்டை மாத்திரை. சமவெளிப் பாதியில் ஃபில்டர் பைக்குள்ளேயே இருக்கும், குழாய்த் தண்ணீரும் மாத்திரையும். மலையில் சமையலுக்கு ஓடை நீர் நேராகப் பாத்திரத்துக்கு, குடிக்க வடிகட்டியது, ஊருக்குக் கீழே என்றால் வடிகட்டி மாத்திரையும். முன்சக்கர மட்கார்ட் இன்றே மாட்டிவிட்டேன். ஃபில்டர் வேண்டாம் என்ற நண்பரிடம் இந்த இழையை அனுப்பினேன், அவர் மாத்திரையை ஒப்புக்கொண்டார், ஃபில்டரைச் சுமப்பது நான்தானாம்.

கடைசியாக ஒரு சந்தேகம். தினமும் ஈரமான ஃபில்டரை, வண்டியின் பக்கவாட்டில் மாட்டும் மூடிய பானியர் பைக்குள் வைத்தால் நாற்றம் வருமா? வெளியே தொங்கவிடலாமா?

ஓடைக்கரை

வெளியே வேண்டாம், சக்கரத் தெறிப்பு அதன் சுத்தப் பக்கத்தில் விழும். சுத்தப் பக்கத்து மூடியை நன்றாக மூடி, வலைத்துணிப் பையில் போட்டு, பானியரின் மேல்புறம் சாமான்களுக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள், மதியம் நிற்கும்போது எடுத்து நிழலில் காயவிடுங்கள். வாரக்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும், தயாரிப்பாளர் சொன்ன அளவில் குளோரின் கலந்த நீரை உள்ளே விட்டு, வடித்து, முழுக்கக் காயவைத்து எடுத்துவையுங்கள். மறுபடி எடுக்கும்போது வறண்டு அடைத்ததுபோலத் தோன்றும், வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊறினால் திறந்துகொள்ளும்.